வார்ன் மட்டுமா காரணம்? இங்கிலாந்தின் 16 ஆண்டு ஆஷஸ் வனவாசம்

கேள்வி இதுதான்: 1989 முதல் 2003 வரை தொடர்ந்து எட்டு ஆஷஸ் தொடர்களில் (இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் டெஸ்ட் கிரிக்கெட் தொடர்தான் ஆஷஸ்) இங்கிலாந்து ஆஸ்திரேலியாவிடம் தோற்றதே, எப்படி? ஷேன் வார்ன் என்ற ஆஸ்திரேலிய லெக் ஸ்பின்னர் பிறக்காமலே இருந்திருந்தால் கதை மாறியிருக்குமா?

மாறியிருக்காது என்பது என் கருத்து. வார்ன் ஆஷஸில் தன் முதல் பந்தை வீசியது 1993 ஜூன் 4 அன்று. அதற்கு முன்பே இங்கிலாந்து 1989ல் 4-0, 1990-91ல் 3-0 என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தது. 1998-99 தொடரில் தோள் அறுவைச் சிகிச்சை முடிந்து வந்த வார்ன் கடைசி டெஸ்டில் மட்டும்தான் ஆடினார். அவர் இடத்தில் ஆடிய இன்னொரு லெக் ஸ்பின்னர் ஸ்டூவர்ட் மெக்கில் நான்கே டெஸ்டில் 27 விக்கெட் எடுத்தார், ஆஸ்திரேலியா 3-1 என்று ஜெயித்தது. 2005ல் வார்ன் தன் வாழ்நாளின் உச்சத்தில் இருந்து ஐந்து டெஸ்டில் 40 விக்கெட் சாய்த்தார். அந்தத் தொடரில்தான் ஆஸ்திரேலியா தோற்றது. அவர் இல்லாதபோது ஜெயித்திருக்கிறார்கள், அவர் உச்சத்தில் இருந்தபோது தோற்றிருக்கிறார்கள். அப்படியானால் காரணத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

ராமருக்கே வனவாசம் 14 ஆண்டுதான். 1989ல் கைவிட்ட ஆஷஸ் இங்கிலாந்துக்குத் திரும்பக் கிடைத்தது 2005 செப்டம்பரில். அந்த எட்டுத் தொடர்களில் நடந்தவை 43 டெஸ்ட். ஆஸ்திரேலியா ஜெயித்தது 28, இங்கிலாந்து 7, மீதி 8 டிரா. அந்த ஏழையும் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். 1993 ஓவல், 1995 அடிலெய்ட், 1997 ஓவல், 1998 மெல்போர்ன், 2001 ஹெடிங்லி, 2003 சிட்னி. இந்த ஆறும் ஆஷஸ் ஆஸ்திரேலியாவிடமே தங்கும் என்று முடிவான பிறகு கிடைத்த வெற்றிகள். செத்த பாம்பை அடித்த கதை. ஆஷஸ் யாருக்கு என்று தெரியாத நிலையில் இங்கிலாந்து ஜெயித்தது 1997 எட்ஜ்பாஸ்டன் ஒன்றே ஒன்று. திறமை துளியும் இல்லாத அணி இப்படித் தோற்காது, அது எப்போதும் தோற்கும். பதற்றம் போன பிறகு நன்றாக ஆடுகிற அணிக்கு நோய் வேறு.

இந்தக் கதை தொடங்குவது இங்கிலாந்தில் இல்லை, நம் சேப்பாக்கத்தில். 1986 செப்டம்பர். அப்போது ஆஸ்திரேலியா கிரிக்கெட்டின் அடிமட்டத்தில் கிடந்தது. லில்லி, மார்ஷ், கிரெக் சாப்பல் மூவரும் 1984 தொடக்கத்தில் ஒரே டெஸ்டோடு ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். அதே ஆண்டு இறுதியில் கிம் ஹியூஸ் அழுதுகொண்டே தலைமைப் பதவியை உதறினார். ஒரு கூட்டம், நிறவெறி ஆட்சிக்காக விதித்திருந்த தடையை மீறித் தென்னாப்பிரிக்காவுக்கு ஆடப் போனது. விருப்பமே இல்லாமல் தலைமையை ஏற்ற ஆலன் பார்டர் 1985ல் இங்கிலாந்தில் 3-1 என்று தோற்றார். சேப்பாக்கம் வெயிலில் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே ஆடினார். முடியவில்லை, வெளியே போகிறேன் என்று அவர் கேட்டபோது பார்டர் ஆறுதல் சொல்லவில்லை. சரி போ, உரமுள்ள ஒரு குயின்ஸ்லாந்துக்காரனை உள்ளே கூப்பிடுகிறேன் என்கிற பாணியில் விக்டோரியாக்காரரான ஜோன்ஸைச் சீண்டினார். ஜோன்ஸ் 210 அடித்துவிட்டு மருத்துவமனைக்குப் போனார். அந்த டெஸ்ட் சமனில் முடிந்தது நமக்குத் தெரியும். கிரெக் மாத்யூஸ் பந்தில் மனிந்தர் சிங் எல்பிடபிள்யூ. அடுத்த ஆண்டு உலகக் கோப்பையில் அதே சேப்பாக்கத்தில் இந்தியாவை ஆஸ்திரேலியா 1 ரன்னில் வென்றது. அன்றும் கடைசியாக அவுட் ஆனவர் மனிந்தர்தான். பந்து வீசியவர் ஸ்டீவ் வா. நம் ஊர் ரசிகர்கள் இந்த இரண்டையும் மனிந்தரின் துரதிர்ஷ்டம் என்றே இன்னும் பேசுகிறோம். மறுபக்கத்தில் ஓர் அணி எழுந்து நின்றுகொண்டிருந்ததை யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. நவம்பரில் கொல்கத்தா ஈடன் கார்டனில் அவர்கள் கோப்பையைத் தூக்கினார்கள். இறுதி ஆட்டத்தில் 7 ரன்னில் தோற்றது இங்கிலாந்து. பார்டர் வீசிய முதல் பந்தையே ரிவர்ஸ் ஸ்வீப் ஆடப் போய் இங்கிலாந்து கேப்டன் மைக் கேட்டிங் விக்கெட்டைக் கொடுத்ததும் அங்கேதான்.

1986ல் பயிற்சியாளராக வந்த பாப் சிம்ப்சனும் பார்டரும் செய்தது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. ஓயாத ஃபீல்டிங் பயிற்சி, ஒன்றிரண்டாக ரன் ஓடும் பழக்கம், அப்புறம் முக்கியமாக, நம்பி எடுத்த பையன்களைக் கைவிடாமை. ஸ்டீவ் வா 1985ல் ஆடத் தொடங்கினார். முதல் 26 டெஸ்டில் ஒரு சதம்கூட இல்லை. மறுபடி படியுங்கள், 26 டெஸ்ட். 27வது டெஸ்ட் 1989 ஹெடிங்லி. அங்கே 177, ஆட்டமிழக்கவில்லை. அடுத்து லார்ட்ஸில் 152, அதுவும் நாட் அவுட். இங்கிலாந்து அவரை முதல்முறை அவுட் ஆக்கியபோது தொடரில் அவர் கணக்கு 393 ரன். நாலு வருடம் தண்ணீர் ஊற்றிய மரம் ஒரே கோடையில் காய்த்துத் தள்ளியது.

எதிர்ப்பக்கம் என்ன நடந்தது? 1989ல் ஆறு டெஸ்டுக்கு இங்கிலாந்து களமிறக்கியது 29 பேரை. ஆஸ்திரேலியா ஆட வைத்தது 12 பேரை. இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், பாதி பதில் கிடைத்துவிடும். ஆறு டெஸ்டும் ஆடிய இங்கிலாந்துக்காரர்கள் கேப்டன் டேவிட் கவர், கீப்பர் ஜாக் ரஸல், அவ்வளவுதான். நாலாவது டெஸ்டில் ஆஷஸ் பறிபோன அதே நாளில், கேட்டிங் தலைமையில் ஓர் அணி தடையை மீறித் தென்னாப்பிரிக்காவுக்குப் போகப்போகிறது என்ற செய்தி வெளியானது. அந்தப் பட்டியலில் அந்தக் கோடையில் டெஸ்ட் ஆடியவர்களும் இருந்தார்கள். அடுத்து டிரென்ட் பிரிட்ஜ். மார்க் டெய்லரும் ஜெஃப் மார்ஷும் முதல் நாள் முழுக்க ஆடி விக்கெட் இழப்பின்றி 301. அந்த டெஸ்டில் அறிமுகமான வேகப்பந்து வீச்சாளர் டெவன் மால்கம். தொடர் முடிந்து பேசிய தேர்வுக்குழுத் தலைவர் டெட் டெக்ஸ்டர் அவரை 'மால்கம் டெவன்' என்று குறிப்பிட்டார். தேர்வு செய்கிறவருக்கே பெயர் நிற்கவில்லை என்றால் ஆடுகிறவனுக்கு இடம் நிற்குமா?

பார்டரும் 1985ல் இருந்தவர் இல்லை இப்போது. அந்தச் சுற்றுப்பயணத்தில் கவரோடும் போத்தமோடும் சிரித்துப் பேசித் தோற்றவர், 1989ல் டாஸுக்குக்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆட்டத்தின் நடுவே ராபின் ஸ்மித் குடிக்கத் தண்ணீர் வரவழைக்கலாமா என்று கேட்டபோது, இது என்ன தேநீர் விருந்தா என்கிற தோரணையில் கெட்ட வார்த்தையோடு மறுத்துவிட்டார். நம் பண்பாட்டில் தண்ணீர் கேட்டவனுக்கு இல்லை என்று சொல்வது பாவக் கணக்கு. ஆனால் அந்த வறட்டுக் குணம்தான் அடுத்த 16 ஆண்டுக்கு முதலீடு.

கிரஹாம் கூச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்றைய இங்கிலாந்தின் மிகச்சிறந்த தொடக்க ஆட்டக்காரர். டெர்ரி ஆல்டர்மேன் ஸ்டம்பை ஒட்டி வந்து மிதமான வேகத்தில் நேராக வீசி, அவரைத் திரும்பத் திரும்ப எல்பிடபிள்யூ ஆக்கினார். தனக்கு ஓய்வு கொடுங்கள் என்று கூச்சே கேட்டு ஒரு டெஸ்டில் ஒதுங்கிக்கொண்டார். அன்றைய பிரதமரை எதிர்த்து 'தாட்சர் அவுட்' என்று யாரோ எழுதிய சுவரில் அதற்குக் கீழே 'எல்பிடபிள்யூ ஆல்டர்மேன்' என்று இன்னொருவர் எழுதி வைத்ததாக ஒரு கதை உண்டு. ஆல்டர்மேன் அந்தத் தொடரில் எடுத்தது 41 விக்கெட். அவர் இங்கிலாந்து ஆடுகளங்களைக் கற்றுக்கொண்டது எங்கே தெரியுமா? கென்ட்டுக்கும் குளோஸ்டர்ஷயருக்கும் கவுண்டி, அதாவது இங்கிலாந்தின் உள்ளூர் முதல்தர கிரிக்கெட், ஆடித்தான். பார்டர் எஸ்ஸெக்ஸில் கூச்சின் சக ஆட்டக்காரர். ஸ்டீவ் வா சாமர்செட்டுக்கு ஆடியவர். சம்பளம் கொடுத்துப் பாடமும் சொல்லிக்கொடுத்து அனுப்பி வைத்தது இங்கிலாந்துதான்.

அந்தக் கவுண்டி முறையைப் பேசாமல் இந்தப் பதில் முடியாது. ஆஸ்திரேலியாவில் ஷெஃபீல்ட் ஷீல்டில் ஆறே மாநிலங்கள். நாடு முழுக்க முதல்தர கிரிக்கெட்டில் ஒரே நேரத்தில் 66 இடங்கள்தான். ஒரு இடம் காலியானால் பத்துப் பேர் முட்டுவார்கள். ஷீல்டில் ஒரு சதம் அடிப்பதே கிட்டத்தட்ட டெஸ்ட் சதம் மாதிரி. இங்கிலாந்தில் 17 கவுண்டிகள், 1992ல் டர்ஹம் சேர்ந்து 18. அவற்றில் சம்பளத்துக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் நூற்றுக்கணக்கில். 1989ல் ஒவ்வொரு கவுண்டிக்கும் சாம்பியன்ஷிப்பில் மட்டும் 22 ஆட்டம், பெரும்பாலானவை மூன்று நாள். அது போக இரண்டு நாக்-அவுட் கோப்பைகள். ஞாயிற்றுக்கிழமை லீக் வேறு, மூன்று நாள் ஆட்டத்துக்கு நடுவிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். சனிக்கிழமை வெள்ளைச் சட்டையில் ஓர் ஆட்டம், ஞாயிறு வேறு எதிரியோடு 40 ஓவர், திங்கள் மறுபடி பழைய ஆட்டம், அன்று இரவே காரில் அடுத்த ஊர். இப்படி ஓடுகிறவன் எந்த ஆட்டத்தில் உயிரைக் கொடுப்பான்? உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பான். ஈரம் காயாத ஆடுகளத்தில் மிதவேகக்காரர்கள் சும்மா போட்டாலே விக்கெட் விழும். அவர்கள் டெஸ்டுக்கு வந்து அடிலெய்டின் தட்டையான தளத்தில் வீசும்போதுதான் சாயம் வெளுக்கும்.

இதைவிட மோசம், ஆட்டக்காரனின் முதலாளி நாடு இல்லை, கவுண்டி. டெஸ்ட் ஒரு நாள் முடியும், மறுநாளே டாரன் கஃப் மாதிரி ஒரு வேகப்பந்து வீச்சாளர் கவுண்டிக்காக ஓடிக்கொண்டிருப்பார். அடுத்த டெஸ்டுக்கு வரும்போது காலில் தெம்பு இருக்காது. ஒன்றிரண்டு டெஸ்டில் சரியாக ஆடாவிட்டால் நீக்கிவிடுவார்கள் என்ற பயம் வேறு. அதனால் அணிக்காக ஆடுவதைவிட அடுத்த தேர்வுக்காக ஆடுவது இயல்பாகிவிட்டது. நீங்கள் இதைச் சுயநலம் என்று சொல்லலாம். வாடகை வீட்டில் ஆணி அடிக்க யாருக்குத்தான் மனசு வரும்?

கிரேம் ஹிக், மார்க் ராம்பிரகாஷ். இந்த இரண்டு பெயர்களும் எனக்கு எப்போதும் உறுத்தும். ஹிக் முதல்தர ஆட்டத்தில் 136 சதம், அதில் ஒன்று 1988ல் வொர்ஸ்டர்ஷயருக்கு அடித்த 405. டெஸ்ட் சராசரி 31. ராம்பிரகாஷ் 114 சதம், டெஸ்ட் சராசரி 27. இருவரையும் பத்தாண்டுக்கும் குறையாமல் உள்ளே எடுத்தும் வெளியே தள்ளியும் ஊஞ்சல் ஆட்டினார்கள். மன உறுதி போதவில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள் பலர். ஆனால் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மட்டும் கணக்கிட்டால் ராம்பிரகாஷின் சராசரி 40க்கு மேல். 1995 ஜனவரி சிட்னியில் ஹிக் 98ல் நிற்கும்போது கேப்டன் மைக்கேல் ஆதர்டன் டிக்ளேர் செய்தார். ஹிக் ஆமை வேகத்தில் ஆடினார், சொல்லியும் கேட்கவில்லை என்பது ஆதர்டன் பக்க நியாயம். இருக்கட்டும். ஆஷஸில் சதமே அடித்திராத ஒருவன் இரண்டு ரன்னுக்காக வாழ்நாள் முழுக்க அந்த மாலையை நினைத்துக்கொண்டிருப்பானே என்று தோன்றவில்லையா? தான் செய்தது தவறு என்று ஆதர்டனே பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

ஆஸ்திரேலியா யாரையும் நீக்கவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1994ல் சிட்னியில் தென்னாப்பிரிக்காவிடம் 5 ரன்னில் தோற்ற பிறகு டேமியன் மார்ட்டின் ஆறு ஆண்டு டெஸ்ட் ஆடவில்லை. ஹேடனும் லேங்கரும் நெடுங்காலம் வாசலில் நின்றவர்கள். ஆனால் அங்கே நீக்கினால் அந்த இடத்துக்கு வருகிறவனுக்கு நேரம் கொடுத்தார்கள். இங்கே வருகிறவனும் மூட்டையைப் பிரிக்காமலே இருந்தான்.

சரி, வார்னுக்கு வருவோம். 1993 ஓல்டு டிராஃபோர்ட், கேட்டிங் எதிரில். பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தி, கேட்டிங்கின் மட்டையைத் தாண்டித் திரும்பி ஆஃப் ஸ்டம்பின் தலையைத் தட்டியது. அணியிலேயே சுழலை நன்றாக ஆடக்கூடியவர் கேட்டிங். அவரே திருதிருவென்று விழித்துக்கொண்டு போனார். அதே ஆட்டத்தில் அதே ஆடுகளத்தில் பீட்டர் சச் என்ற இங்கிலாந்து ஆஃப் ஸ்பின்னர் தன் முதல் இன்னிங்ஸிலேயே 67 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார் என்பது இப்போது யாருக்கும் நினைவில்லை. ஒரு பந்து மொத்த ஆட்டத்தையும் விழுங்கிவிட்டது. அந்தத் தொடரில் வார்ன் 34 விக்கெட், மெர்வ் ஹியூஸ் 31. இங்கிலாந்து 24 பேரை மாற்றி மாற்றிப் போட்டது, கூச் நடுவில் பதவி விலகினார். லார்ட்ஸில் தோற்ற பிறகு டெட் டெக்ஸ்டர், வெள்ளிக் கிரகம் ஏதோ தப்பான இடத்தில் இருக்கிறதோ என்னவோ என்று கிண்டலாகச் சொன்னார். ஜோசியத்தை நாம் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைக்காதீர்கள்.

வார்னின் பங்கைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் அவரும் சிட்னியில் இந்தியாவுக்கு எதிராகத் தன் முதல் டெஸ்டில் 150 ரன் கொடுத்து ஒரே ஒரு விக்கெட் எடுத்தவர்தான். அந்த ஒன்று ரவி சாஸ்திரி, அதுவும் 206 அடித்த பிறகு. 1992ல் இப்படி அறிமுகமான ஒரு லெக் ஸ்பின்னரை அன்றைய இங்கிலாந்து மறுபடி கூப்பிட்டிருக்குமா? மைக் ஸ்மித் என்ற இடதுகை வேகப்பந்து வீச்சாளரின் கதை அதற்குப் பதில் சொல்லும். அது 1997ல் வருகிறது.

அந்த 1997 கோடையில் இங்கிலாந்து நிஜமாகவே நெருங்கி வந்தது. மூன்று ஒருநாள் ஆட்டங்களையும் ஜெயித்திருந்தார்கள். எட்ஜ்பாஸ்டன் முதல் நாள் காலை ஆஸ்திரேலியா 8 விக்கெட்டுக்கு 54, பிறகு 118க்குச் சுருண்டது. நாசர் ஹுசைன் 207, கிரஹாம் தோர்ப் 138. ஒன்பது விக்கெட் வெற்றி. ஆனால் அந்தத் தோல்விக்குள்ளேயே ஆஸ்திரேலியா ஒன்றைச் சம்பாதித்துக்கொண்டது. கேப்டன் மார்க் டெய்லர் அதற்கு முன் 21 டெஸ்ட் இன்னிங்ஸில் ஓர் அரைச் சதம்கூட அடிக்கவில்லை. பத்திரிகைகள் அவர் தலையைக் கேட்டன, தேர்வாளர்கள் கொடுக்கவில்லை. இரண்டாவது இன்னிங்ஸில் அவர் 129 அடித்தார். லார்ட்ஸில் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் மெக்ராத் 38 ரன்னுக்கு 8 விக்கெட், இங்கிலாந்து 77. மழை காப்பாற்றியது. ஓல்டு டிராஃபோர்டில் பச்சை ஆடுகளம், டாஸ் ஜெயித்த டெய்லர் பேட்டிங் எடுத்தார், பார்த்தவர்கள் தலையில் கைவைத்தார்கள். ஸ்டீவ் வா 108, கை வீங்கிய நிலையில் மறுபடி 116. தொடர் 1-1.

ஹெடிங்லியில் ஆண்டி கேடிக்கை விட்டுவிட்டு மைக் ஸ்மித்தை எடுத்தார்கள். அவர் பந்தில் மேத்யூ எலியட் 29ல் இருந்தபோது ஸ்லிப்புக்கு ஒரு கேட்ச் போனது. தோர்ப் நழுவவிட்டார். எலியட் 199 அடித்தார், அவரோடு ரிக்கி பாண்டிங் என்ற பையன் தன் முதல் டெஸ்ட் சதத்தை அடித்தார். ஆஸ்திரேலியா இன்னிங்ஸ் வெற்றி. ஸ்மித்துக்கு விக்கெட் ஒன்றுமில்லை. அவருக்கு அது முதல் டெஸ்ட், கடைசி டெஸ்டும் அதுதான். அந்த ஒரு கேட்சைப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேட்சைவிட அடுத்த டெஸ்டில் ஸ்மித் இல்லாததுதான் பெரிதாகப் படுகிறது.

1998-99 பற்றி முன்பே சொல்லிவிட்டேன். 2001ல் பதினொரே நாள் ஆட்டத்தில் ஆஷஸ் முடிந்துபோனது. ஆதர்டன் அந்தத் தொடரோடு ஓய்வு பெற்றார். ஏழு ஆஷஸ் தொடர் ஆடி ஒன்றுகூட ஜெயிக்காதவர். ஓவலில் அவருடைய கடைசி இன்னிங்ஸ், வீசியவர் மெக்ராத், ஸ்லிப்பில் பிடித்தவர் வார்ன். மெக்ராத்திடம் அவர் டெஸ்டில் விழுந்தது அது 19வது முறை. அந்தப் பத்தாண்டை ஒரு ஸ்கோர்கார்டு வரியில் எழுதச் சொன்னால் நான் அதைத்தான் எழுதுவேன்.

திருப்பம் அதற்குள் வெளியே தெரியாமல் தொடங்கியிருந்தது. 1999ல் சொந்த மண்ணில் நியூசிலாந்திடமே தோற்று, உலகத் தரவரிசையில் கடைசி இடம். ஓவல் மாடத்தில் நின்ற புது கேப்டனைக் கூட்டம் கூச்சலிட்டு அவமானப்படுத்தியது. அந்தக் கேப்டன் நாசர் ஹுசைன், 1968ல் சென்னையில் பிறந்தவர். அப்பா மதராஸுக்கு ரஞ்சி ஆடியவர், பிறகு குடும்பத்தோடு இங்கிலாந்து போய் இல்ஃபோர்டில் கிரிக்கெட் பள்ளி நடத்தியவர். தோல்வியைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்ளும் பழைய கனவான் குணம் ஹுசைனிடம் கிடையாது. சள்ளென்று விழுவார். அவரோடு சேர்ந்தவர் ஜிம்பாப்வேக்காரர் டங்கன் ஃப்ளெச்சர். 2011ல் நம் இந்திய அணிக்கே பயிற்சியாளராக வந்தாரே, அவர்தான்.

2000ல் கிரிக்கெட் வாரியம் 12 ஆட்டக்காரர்களுக்கு நேரடி ஒப்பந்தம் கொடுத்தது. இனி இவர்களுக்குச் சம்பளம் தருவது வாரியம். எப்போது கவுண்டி ஆடலாம், எப்போது ஓய்வு என்று சொல்வதும் பயிற்சியாளர். கவுண்டிகள் முணுமுணுத்தன. கவுண்டி சாம்பியன்ஷிப்பும் அதே ஆண்டு இரண்டு பிரிவாகி, கீழே இறங்கிவிடுவோம் என்ற பயத்தில் கடைசி வாரம் வரை சண்டை போட வைத்தது. ஆஸ்திரேலியாவின் பயிற்சிக் கூடத்தை ஆண்டுக்கணக்கில் நடத்திய ராட் மார்ஷையே அழைத்து வந்து இங்கிலாந்தின் அகாடமியை ஒப்படைத்தார்கள். கவுண்டியில் யார் அதிக ரன் என்று பார்க்காமல், வேகத்துக்கும் பவுன்ஸுக்கும் யார் தாங்குவான் என்று பார்த்து மார்கஸ் டிரெஸ்கோதிக், மைக்கேல் வான் மாதிரி ஆட்களை எடுத்தார் ஃப்ளெச்சர். இருவருக்கும் கவுண்டி சராசரி அப்படியொன்றும் பிரமாதமில்லை.

அப்படியானால் 2001லும் 2002-03லும் ஏன் 4-1, 4-1 என்று தோற்றார்கள்? மருந்து உடம்பில் பிடிக்க நாள் ஆகும். எதிரில் இருந்தது கிரிக்கெட் கண்ட மிகப்பெரிய அணிகளில் ஒன்று. ஹுசைனும் சறுக்கினார். 2002 நவம்பர் 7, பிரிஸ்பேன். டாஸ் ஜெயித்துப் பந்துவீச்சைத் தேர்ந்தெடுத்தார். அன்று மாலை ஆஸ்திரேலியா 2 விக்கெட்டுக்கு 364. அதே நாளில் பந்தை விரட்டிப் போன சைமன் ஜோன்ஸின் முழங்கால் புல்லில் மாட்டிக் கிழிந்தது. கடைசி இன்னிங்ஸில் இங்கிலாந்து 79. ஆனால் அந்தத் தொடரில் வான் மூன்று சதத்தோடு 633 ரன் எடுத்தார். மெக்ராத்தையும் வார்னையும் அவர்கள் மண்ணிலேயே அடிக்க முடியும் என்று ஓர் இங்கிலாந்துக்காரன் காட்டியது நெடுநாளைக்குப் பிறகு அப்போதுதான். முழங்கால் போன ஜோன்ஸையும் அவசரப்படுத்தவில்லை. ஓராண்டுக்கு மேல் காத்திருந்து 2004ல் திரும்ப வந்தார். 2005ல் பழைய பந்தை ரிவர்ஸ் ஸ்விங் செய்து நான்கு டெஸ்டில் 18 விக்கெட் எடுத்தது அவர்தான். அந்தப் பந்துவீச்சாளர்களுக்குப் பயிற்சி தந்தவர் டிராய் கூலி, டாஸ்மேனியாக்காரர். கடன் திரும்பி வந்தது.

2005 லார்ட்ஸ் முதல் நாள் காலை, ஸ்டீவ் ஹார்மிசன் பந்து ஹெல்மெட்டைத் தாண்டிப் பாண்டிங்கின் கன்னத்தைக் கிழித்தது. ரத்தம் வழிந்தது. இங்கிலாந்து ஃபீல்டர் ஒருவரும் என்ன ஆச்சு என்று கிட்டப் போகவில்லை. தண்ணீர் தர மறுத்த பார்டர் எங்கிருந்தாவது பார்த்திருந்தால் புரிந்துகொண்டிருப்பார். ஆஸ்திரேலியா 190க்கு ஆல் அவுட். ஆனாலும் அந்த டெஸ்டில் இங்கிலாந்து 239 ரன்னில் தோற்றது. மறுநாள் பத்திரிகைகள் பழைய பாட்டையே பாடின. இயன் பெல்லை நீக்கு, ஜெரெய்ன்ட் ஜோன்ஸ் கேட்ச் விடுகிறான், ஆஷ்லி கைல்ஸ் எல்லாம் ஒரு ஸ்பின்னரா?

அடுத்த டெஸ்டுக்கு எட்ஜ்பாஸ்டனில் அதே பதினொரு பேர் இறங்கினார்கள். 1989ல், 1993ல் இது நடந்திருக்காது. என்னைக் கேட்டால் வனவாசம் முடிந்தது அந்தப் பட்டியல் வெளியான அன்றுதான், மற்றதெல்லாம் அதன் தொடர்ச்சி. இத்தனைக்கும் கடினமான முடிவெடுக்கத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். நூறு டெஸ்ட் ஆடிய தோர்ப்பை ஒதுக்கிவிட்டு, அதுவரை ஒரு டெஸ்டும் ஆடாத கெவின் பீட்டர்சனை எடுத்தவர்கள். எடுத்த பிறகு அசையவில்லை, அவ்வளவுதான். எட்ஜ்பாஸ்டன் காலையில் மெக்ராத் தரையில் கிடந்த பந்தில் கால் வைத்துக் கணுக்காலைப் பிசகிக்கொண்டார். இதை மறைத்துவிட்டுப் பேசினால் நேர்மையாகாது. அவர் ஆடாத இரண்டு டெஸ்டைத்தான் இங்கிலாந்து ஜெயித்தது. அன்றைக்கு 407 ரன் குவித்தார்கள். கடைசியில் 282 துரத்திய ஆஸ்திரேலியா 8 விக்கெட்டுக்கு 175ல் இருந்து, வெற்றிக்கு மூன்றே ரன் பாக்கி இருக்கும்வரை வந்துவிட்டது. காஸ்ப்ரோவிச்சின் கையுறையில் பட்டு லெக் பக்கம் போன பந்தைப் பாய்ந்து பிடித்தவர், கேட்ச் விடுகிறான் என்று திட்டு வாங்கிய ஜெரெய்ன்ட் ஜோன்ஸ்.

டிரென்ட் பிரிட்ஜில் 129 தான் இலக்கு. 7 விக்கெட்டுக்கு 116 என்று நடுங்கியபோது நின்று, வார்ன் பந்தில் வெற்றி ரன்னை அடித்தவர் கைல்ஸ். பெல் அந்தத் தொடரில் மொத்தமே 171 ரன்தான், ஐந்து டெஸ்டும் ஆடினார். ஓவலில் சைமன் ஜோன்ஸ் காயத்தால் விலக, பால் காலிங்வுட் வந்தார். அதோடு அந்தக் கோடையில் இங்கிலாந்து ஆட வைத்தவர்கள் 12 பேர். பார்டர் 1989ல் ஆட வைத்த அதே எண்.

ஓவல் கடைசி நாள், 2005 செப்டம்பர் 12. டிரா செய்தால் போதும். காலையிலேயே விக்கெட்டுகள் சரிந்தன, மெக்ராத் அடுத்தடுத்த பந்தில் வானையும் பெல்லையும் தூக்கினார். பீட்டர்சன் 15ல் இருந்தபோது பிரெட் லீ பந்து விளிம்பில் பட்டு முதல் ஸ்லிப்புக்குப் போனது. நெஞ்சு உயரம், கைக்குள் வந்த கேட்ச். ஸ்லிப்பில் நின்றவர் வார்ன். பந்து கையிலிருந்து தெறித்துக் கீழே விழுந்தது. பீட்டர்சன் 158 அடித்தார், கைல்ஸ் கூட நின்று 59.